ஷெல் கூரையில் விளிம்பைப் பாருங்கள்

சென்னையில் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: "கான்கிரீட் ஷெல் கூரையில் விசை போகிற வழிதான் வடிவம் என்று சொல்லித்தருகிறார்கள். அப்படியென்றால் கணக்கைச் சரியாகப் போட்டால் அழகு தானாக வந்துவிடுமா? ஆர்க்கிடெக்டுக்கு அதில் என்ன வேலை? இவ்வளவு சிக்கனமான கூரை என்றால் சென்னையில் ஏன் இப்போது யாரும் கட்டுவதில்லை?"

நான் ஆர்க்கிடெக்ட் இல்லை, கம்பிக் கணக்குப் போடுகிற ஆள். அதனால் பதிலில் கொஞ்சம் தொழில் பாசம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கு ஒரே ஒரு வடிவத்தைக் கையில் கொடுத்துவிடாது. ஒரு பெரிய குடும்பத்தையே கொடுக்கும். அந்தக் குடும்பத்தில் எல்லாரும் நிற்பார்கள், எல்லாரும் பார்க்க நன்றாக இருக்கமாட்டார்கள். யார் எப்படி என்பது பெரும்பாலும் ஒரே இடத்தில் முடிவாகிறது: கூரையின் விளிம்பில். நடுப்பகுதியைக் கணக்கு பார்த்துக்கொள்ளும். விளிம்பில்தான் ஆள் வேண்டும்.

அங்கே போவதற்கு முன் ஷெல் என்றால் என்ன என்பதைக் கையில் பிடித்துப் பார்த்துவிடலாம். கோயிலில் பிரசாதம் வாங்கும் தொன்னை ஒன்று போதும். விரித்த இலையில் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலை வைத்து ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், இலை மடிந்து பொங்கல் காலில் விழும். அதே இலையைச் சுருட்டி ஈர்க்குச்சி குத்தினால் சூடான பொங்கலை அசையாமல் தாங்குகிறது. இலை தடிக்கவில்லை. வளைந்தது, அவ்வளவுதான். தட்டையான தளத்தில் மேல்பக்கம் அமுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது, நடுவில் இருக்கும் கான்கிரீட் ஏறக்குறைய சும்மா உட்கார்ந்திருக்கிறது. வளைந்த ஓட்டில், அதாவது ஷெல்லில், பாரம் ஓட்டின் உடம்புக்குள்ளேயே, பரப்பை ஒட்டியே ஓடி இறங்கிவிடுகிறது. முழுத் தடிமனும் வேலை பார்க்கிறது.

10 மீட்டர் அகலமுள்ள ஒரு ஹாலுக்குத் தட்டையான ஸ்லாப் போட்டால் சுமார் 30 செ.மீ. தடிமன் வேண்டியிருக்கும். சதுர மீட்டருக்கு 750 கிலோ அதன் சொந்த எடையே. 5 செ.மீ. ஷெல் என்றால் 125 கிலோ. ஸ்லாப்பின் வேலையில் பெரும்பகுதி தன்னைத் தானே சுமப்பதுதான்.

கல்லூரி நாளிலிருந்து எனக்கு அலுக்காத ஒரு விஷயம் இதில் உண்டு. அரைக்கோளமோ, அதில் ஒரு துண்டோ, ஒரு குவிமாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த எடையால் அதன் உச்சியில் வரும் அழுத்தம் கான்கிரீட்டின் அடர்த்தியையும் கோளத்தின் ஆரத்தையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் வரும். அந்தச் சூத்திரத்தில் தடிமனே இல்லை. தடிமனை இரட்டிப்பாக்கினால் எடை இரட்டிப்பாகும், தாங்கும் பரப்பும் இரட்டிப்பாகும், அழுத்தம் மாறாது. 30 மீட்டர் ஆரத்துக்குக் கணக்குப் போட்டால் சதுர மில்லிமீட்டருக்கு 0.375 நியூட்டன் வருகிறது. நாம் சாதாரணமாகப் போடும் எம் 25 கான்கிரீட் 25 நியூட்டன் தாங்கும். அறுபதில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை!

அப்படியானால் 4 செ.மீ., 8 செ.மீ. என்று தடிமன் எங்கிருந்து வருகிறது? பலத்திலிருந்து வருவதில்லை. மூன்று காரணங்கள். கம்பிக்கு மேலும் கீழும் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், அது ஒன்று. கொத்தனார் சாய்வில் நின்றுகொண்டு கலவையை ஒழுங்காகப் பரப்ப முடியவேண்டும், அது இன்னொன்று. மூன்றாவது, ஓடு 'டொக்' என்று உள்வாங்கிவிடக்கூடாது. நம் ஊர் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்து அழுத்தினால் வயிறு உள்ளே போய்த் திரும்பி வரும், பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் உடையவில்லை, பலம் போகவில்லை, வடிவம்தான் போனது. கான்கிரீட் ஷெல்லில் அப்படிப் போனால் திரும்பி வராது. ஷெல்லுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 2210, ஒரு திசையில் மட்டும் வளைந்த ஓட்டுக்குக் குறைந்தது 50 மி.மீ., இரண்டு திசையிலும் வளைந்ததற்கு 40 மி.மீ. என்று சொல்வதிலும் இந்த நியாயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் வளைந்தது உள்வாங்க அவ்வளவு சுலபத்தில் சம்மதிக்காது.

அதே குடத்தின் வாயை அழுத்திப் பாருங்கள். அசையாது. வாயில் ஒரு தடித்த மடிப்பு இருக்கிறது. பாக்குமட்டைத் தட்டிலும் ஓரம் தூக்கியிருக்கும். அந்த ஓரத்தை வெட்டிவிட்டுச் சாம்பார் ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஷெல்லின் நடுவில் ஒவ்வொரு துண்டையும் நாலு பக்கமும் அக்கம்பக்கத்துத் துண்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. விளிம்பில் ஒரு பக்கம் யாரும் இல்லை. அங்கே ஓடு தட்டையான ஸ்லாப் மாதிரி நடந்துகொள்ள ஆரம்பிக்கும், தளரும், துடிக்கும். பொறியாளரின் கை உடனே ஒரு பீமைத் தேடும். பீம் வைத்தால் நிற்கும். ஆனால் தெருவில் போகிறவர் பார்ப்பது விளிம்பை மட்டும்தான். நீங்கள் 4 செ.மீ. ஷெல்லை உயிரைக் கொடுத்துக் கட்டியிருப்பீர்கள்; ஓரத்தில் அரை மீட்டர் பீம் இருந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அது அரை மீட்டர் கூரை.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 'விசை போகும் வழியே வடிவம்' என்பதன் மூலம் ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக். தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கினால் நிற்கும் வளைவு கிடைக்கும் என்பதை 1675-இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு ஒரு புதிராக வெளியிட்டார். அது உண்மை. ஆனால் எந்தச் சங்கிலி? மொட்டை மாடியில் துணிக்கொடி கட்டுகிறவருக்குத் தெரியும்: தொய்வாக விட்டால் ஆணிக்குச் சிரமமில்லை, விறைப்பாகக் கட்டினால் ஆணியே பிடுங்கிக்கொண்டு வரும். தொய்வு பாதியானால் இழுப்பு இரண்டு மடங்கு. இரண்டு கொடியுமே சரியான கொடிதான். அதைத் தலைகீழாக்கினால், உயர்ந்த வளைவு அடித்தளத்தைக் கொஞ்சமாக வெளியே தள்ளும், தாழ்ந்த வளைவு அதிகமாகத் தள்ளும். பரங்கிமலைப் பாறையில் கட்டுகிறீர்களா, பள்ளிக்கரணைச் சேற்றில் கட்டுகிறீர்களா என்பதைப் பொறுத்து அந்தத் தள்ளலின் விலை மாறும். உயரம் எவ்வளவு, எத்தனை கால், கால் எங்கே, நடுவில் துளை வேண்டுமா, இதெல்லாம் நீங்கள் சங்கிலியிடம் சொல்ல வேண்டியவை. அதற்குப் பிறகுதான் சங்கிலி உங்களுக்குப் பதில் சொல்லும்.

இதை ரொம்ப அழகாகச் சொன்னவர் சுவிட்சர்லாந்தின் பொறியாளர் ஹைன்ஸ் ஐஸ்லர். 1959-இல் மாட்ரிட்டில் ஷெல் பொறியாளர்களின் முதல் பன்னாட்டு மாநாடு. அவர் கொண்டுவந்த சிறிய கட்டுரையில் 39 ஷெல் வடிவங்களின் கோட்டோவியம், கடைசியில் 'முதலியன' என்று ஒரு சொல். தலையணை மாதிரி ஊதிய வடிவம், தொங்கவிட்ட துணியைத் தலைகீழாக்கிய வடிவம் என்று அவர் வடிவம் தேடிய விதமே வேறு. குளிர்காலத்தில் ஈரத்துணியைத் தோட்டத்தில் தொங்கவிட்டு, இரவில் அது உறைந்ததும் திருப்பிவைத்துப் பார்ப்பாராம். நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அந்தத் துணி ஒரு ரகசியத்தைக் காட்டிக்கொடுத்தது. நான்கு முனையில் கட்டிய துணியின் ஓரம் தானாகவே மடங்கி விழுகிறது. திருப்பினால் அந்த மடிப்பு விளிம்பில் மேல்நோக்கி எழுந்த ஒரு உதடாக மாறுகிறது. பாக்குமட்டைத் தட்டின் ஓரம் மாதிரி! தனியாக பீம் வேண்டாம். 1968-இல் டைட்டிங்கன் என்ற ஊரில் நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க்குக்கு அவர் கட்டிய இரண்டு முக்கோண ஓடுகள் சுமார் 30 மீட்டருக்கு மேல் தாவுகின்றன. ஓரத்தில் பீமே கிடையாது. ஒரு பங்க்கின் கூரை அது. நம் ஊர் பங்க் கூரைகளை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

விளிம்பை வேறு வழியில் வென்றவர் ஃபெலிக்ஸ் கேண்டெலா. ஸ்பெயினில் பிறந்து, உள்நாட்டுப் போர் முடிந்து 1939-இல் மெக்சிகோவுக்கு அகதியாக வந்தவர். அவருடைய ஆயுதம் ஹைப்பார், அதாவது குதிரைச் சேணம் மாதிரியான பரப்பு. அதைப் புரிந்துகொள்ளக் கயிற்றுக் கட்டில் போதும். நாலு சட்டத்துக்கும் நேர்நேராகக் கயிறு கட்டிய கட்டிலில், ஒரு காலை மட்டும் தூக்கிச் சட்டம் முறுக்கிக்கொள்ளும்படி செய்யுங்கள். ஒவ்வொரு கயிறும் நேராகவே இருக்கும், மொத்தப் பரப்பு மட்டும் வளைந்திருக்கும். ஒரு மூலைவிட்டத்தில் தொங்கும், மறு மூலைவிட்டத்தில் மேடாகும். கட்டுகிறவருக்கு இதில் என்ன லாபம்? சென்ட்ரிங்குக்கு வளைத்த பலகை வேண்டாம். நேரான பலகைகளை வரிசையாக அடித்தாலே வளைந்த கூரை வந்துவிடும். அவர் அந்த வடிவத்தைக் காதலித்ததில் பாதி காரணம் தச்சர் கூலி என்று நான் நினைக்கிறேன். அதில் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை.

1951-இல் மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் காஸ்மிக் கதிர்களை அளக்க ஒரு சிறிய கூடம் கட்டினார்கள். கூரை சில இடங்களில் 1.5 செ.மீ. தடிமன்தான். மெலிவைக் காட்டிக்கொள்வதற்காக அப்படிச் செய்யவில்லை. தடித்த கூரை இருந்தால் கதிர்கள் கருவிக்கு ஒழுங்காக வந்து சேராது. அடுத்து 1958-இல் சோச்சிமில்கோவில் லாஸ் மனான்டியாலெஸ் என்ற உணவகம். எட்டு இதழ் விரிந்த பூ மாதிரி, சுமார் 42 மீட்டர் அகலத்துக்கு 4 செ.மீ. ஓடு. கோழி முட்டை அகலத்தில் நூற்றில் ஒரு பங்கு தடிமன் கொண்டது. இது ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதன் படம் எங்கேயாவது கிடைத்தால் முதலில் இதழின் ஓரத்தைப் பாருங்கள். வெறும் 4 செ.மீ. கோடு. பீம் எங்கே போனது? உள்ளே போய்விட்டது. இதழும் இதழும் சந்திக்கும் பள்ளங்களில் கான்கிரீட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கி, அதில் கம்பியைச் சேர்த்து, முழு பாரத்தையும் அந்தப் பள்ளங்கள் வழியாகத் தரைக்கு அனுப்பினார். பாரம் பள்ளத்தை நோக்கி ஓடுவதால் விளிம்புக்குப் பெரிய வேலை இல்லை. அது ஏரிக்கரைச் சேற்று மண். கால்கள் வெளியே நழுவாமல் இருக்க அடித்தளங்களை ஒன்றோடொன்று இரும்புக் கம்பியால் கட்டி மண்ணுக்குள் மறைத்தார். பார்ப்பவருக்குத் தெரிவது தண்ணீரில் மிதக்கும் பூ. நான் பார்ப்பது, எந்த விசையைக் காட்டலாம், எந்த விசையைப் புதைக்கலாம் என்று ஒரு மனிதர் எடுத்த முடிவு. அந்த முடிவைக் கணக்கு எடுக்கவில்லை. இந்த வகையில் எனக்கு இதுக்கு மேல் ஒரு கட்டடம் கிடையாது.

தோற்றுப்போன விளிம்புக்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. வளாகத்தில் ஈரோ சாரினென் வடிவமைத்து 1955-இல் முடிந்த கிரெஸ்கி அரங்கம். கோளத்தில் சரியாக எட்டில் ஒரு பங்கை வெட்டி மூன்று முனையில் நிறுத்தினார். காகிதத்தில் அதைவிடத் தூய்மையான வடிவம் கிடையாது. ஆனால் கோளம் முழு வட்டமாக உட்காரும்போது ஒழுங்காக நடந்துகொள்ளும். மூன்று பக்கமும் வெட்டியெடுத்தால் வெட்டிய ஓரத்தில் வந்து சேரும் விசைக்குப் போக இடமில்லை. ஓரத்தில் பீம் வைத்தும் விளிம்பு இறங்கியது. கடைசியில் கண்ணாடிச் சுவரின் சட்டங்களையே முட்டாக மாற்றவேண்டி வந்தது. வடிவத்தை ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து எடுப்பதும் விசையிடமிருந்து எடுப்பதும் வேறுவேறு என்று மாணவர்களிடம் சொல்ல இதைத்தான் காட்டுவேன். சிட்னி ஆப்பரா ஹவுஸைப் பற்றிச் சண்டைக்கு வரவேண்டாம். அது அழகுதான், ஆனால் ஷெல் இல்லை. யோர்ன் உட்சன் வரைந்த பாய்மரங்களை மெல்லிய ஓடாக நிறுத்த முடியாமல் ஆண்டுக்கணக்கில் தவித்து, கடைசியில் ஒரே கோளத்திலிருந்து வெட்டிய விலா எலும்புகளாக, முன்வார்ப்புத் துண்டுகளைக் கோத்துக் கட்டினார்கள்.

நம் நாட்டில் இந்தப் பேச்சுக்குப் பொருத்தமான கட்டடம் சண்டிகர் சட்டமன்றம். அகமதாபாத்தில் பார்த்த அனல்மின் நிலையக் கூலிங் டவரை மனதில் வைத்து ஆர்க்கிடெக்ட் லெ கார்புசியே சபையின் மேல் ஒரு கூலிங் டவரையே தூக்கி நிறுத்தினார். 15 செ.மீ. ஓடு. வெளியிலிருந்து பார்த்தால் கம்பீரம். உள்ளே பேசினால் எதிரொலி; சுவர் முழுக்க ஒலியை உறிஞ்சும் பலகைகள் மாட்டியிருக்கிறார்கள். அசல் டவருக்கு அந்த இடுப்பு ஏன் என்றால், உடுக்கை மாதிரி இரு திசையிலும் வளைந்தால்தான் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த மெல்லிய ஓடு காற்றில் உள்வாங்காமல் நிற்கும். எண்ணூர் கழிமுகத்தில் நின்று வடசென்னை அனல்மின் நிலையப் பக்கம் பார்த்தால் நம் ஊரிலேயே அந்த உடுக்கை தெரியும். பிரம்பு மோடாவைத் திருப்பிப் பாருங்கள், அதே வடிவம், நேர்ப் பிரம்புகளாலேயே. இங்கிலாந்தின் ஃபெரிபிரிட்ஜில் 1965 நவம்பர் 1 அன்று எட்டு டவர்களில் மூன்று காற்றில் விழுந்தன. காற்றின் வேகத்தைச் சராசரியாக எடுத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள், திடீர் வீச்சையும் டவர்கள் கூட்டமாக நிற்பதால் காற்று சுழல்வதையும் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். டவரின் வடிவத்தின் மேல் யாரும் பழி சொல்லவில்லை.

சரி, சென்னையில் ஷெல்லே இல்லையா? தினமும் அதன் கீழேதான் நடக்கிறீர்கள். பேட்டைக்கு ஒன்றாக நிற்கும் பெரிய வட்டமான மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளில் பல இன்ட்சே வகை. ஓட்டோ இன்ட்சே என்ற ஜெர்மானியர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்டுபிடித்தது. தொட்டிக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். நடுவில் மேல்நோக்கி எழுந்த ஒரு குவிமாடம், அதைச் சுற்றி வெளிப்பக்கம் விரியும் ஒரு கூம்பு, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு வளைய பீம், அதைத் தாங்கும் தூண்கள். குவிமாடம் தண்ணீரின் எடையால் வளையத்தை வெளியே தள்ளுகிறது. கூம்பு அதே வளையத்தை உள்ளே தள்ளுகிறது. சாய்வுகளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, லட்சக்கணக்கான லிட்டரைத் தாங்கும் விளிம்பில் தள்ளல் ஏறக்குறைய பூஜ்யம். விளிம்பின் பிரச்சினையை இன்னொரு விளிம்பை எதிரே வைத்துத் தீர்த்த அந்த மூளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். சுற்றிலும் கட்சி போஸ்டர், அடியில் குப்பை வண்டி. யாரும் அதை ஆர்க்கிடெக்சர் என்று சொல்வதில்லை.

தொட்டியின் மேல்மூடியும் ஒரு ஷெல்தான், தாழ்வான குவிமாடம். ஏன் தாழ்வு? அரைக்கோளத்தில் உச்சியிலிருந்து சுமார் 52 டிகிரி வரை எல்லாத் திசையிலும் அமுக்கம். அதற்குக் கீழே வளையத் திசையில் இழுவை தொடங்கி, நெடுக்குவாட்டில் விரிசல் விடும். தாழ்வாகக் கட்டினால் அந்த 52 டிகிரிக்குள்ளேயே முடிந்துவிடும், மிச்சமிருக்கும் வெளித்தள்ளலை ஒரு வளைய பீம் பிடித்துக்கொள்ளும். ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் சந்தையில் எடுவார்டோ டொரோஹா 1934-இல் 47.6 மீட்டர் குவிமாடத்தை 9 செ.மீ.யில் போட்டபோது அந்த வளையத்தைக் கம்பியாக வைத்து முறுக்கி இறுக்கினார். இறுக்க இறுக்கக் கூரை மேலே எழுந்து சென்ட்ரிங்கிலிருந்து தானாகக் கழன்றுகொண்டது. முட்டுக்கட்டைகளைத் தட்டிப் பிரிக்கும் நம் சென்ட்ரிங் ஆட்கள் இதைக் கேட்டால் நம்பமாட்டார்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. கூலி, சென்ட்ரிங் என்று எல்லாரும் சொல்வது உண்மைதான். ஒரு முறை மட்டும் பயன்படும் வளைந்த சென்ட்ரிங்குக்குக் காடு மாதிரி சவுக்கு முட்டு வேண்டும், நல்ல தச்சர் வேண்டும். கேண்டெலாவின் மெக்சிகோவிலேயே கூலி ஏறியதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. இங்கே இரும்பை முக்கோணச் சட்டங்களாகக் கோத்த டிரஸ்ஸும் தகடும் மலிவாகிவிட்டன. சேப்பாக்கம் மைதானத்தில் 2011-இல் வந்த கூரை இழுத்துக் கட்டிய துணி. ஆனால் சென்னைக்கென்று தனியாக ஒரு காரணம் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. உப்பு.

சில வருடம் முன்பு வடசென்னைப் பக்கம் ஒரு பழைய தொழிற்கூடத்துக்குப் பழுது பார்க்கக் கூப்பிட்டார்கள். வரிசையாகப் பீப்பாயைப் பிளந்து கவிழ்த்த மாதிரி ஷெல் கூரைகள். உள்ளே போனதும் முதலில் அண்ணாந்துதான் பார்த்தேன். ஓட்டின் அடியில் பலகையின் ரேகை, ஒரு ஆணித்தலை அழுந்திய வட்டம்கூட, அப்படியே இருந்தது. ஓடு நல்லபடியாக இருந்தது. போனது விளிம்பு. இரண்டு பீப்பாய் சந்திக்கும் பள்ளத்தில் மழைநீர் வடியாமல் வருடக்கணக்கில் நின்று, விளிம்பு பீமுக்குள் இறங்கி, கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைச் சிப்பியாகப் பெயர்த்திருந்தது. நீளமான பீப்பாய் ஷெல் மொத்தமும் ஒரு பீம் மாதிரி வேலை செய்வது. அதன் இழுவைக் கம்பியெல்லாம் கீழ் விளிம்பில்தான் இருக்கும். இருக்கவேண்டிய இடத்தில் கம்பி இருந்தது, அதே இடத்தில் தண்ணீரும் இருந்தது. போதாததற்கு ஓட்டின் நடுவில் துளை போட்டு யாரோ பாரம் தூக்கும் செயின் பிளாக் மாட்டியிருந்தார்கள். பரவலான பாரத்துக்குப் பிறந்த ஓட்டில் ஒரே புள்ளியில் ஒரு டன் தொங்கினால், குடத்தைக் கட்டைவிரலால் குத்துகிற கதைதான். பள்ளத்துக்குச் சாய்வு கொடுத்து, பீமைப் பிரித்துக் கம்பி மாற்றி, செயின் பிளாக்கைக் கழற்றச் சொன்னோம். மேற்பார்வையாளருக்குக் கடைசியாகச் சொன்னதில்தான் கோபம் வந்தது.

இன்றைய விதியைப் பாருங்கள். ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு கடற்கரைக் காற்றில் இருக்கும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்கிறது. கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர், அதாவது மூடும் கான்கிரீட், கேட்கிறது. எம் 35 போட்டால் 5 மி.மீ. குறைத்துக்கொள்ளலாம். பெசன்ட் நகரில் ஷெல் போடுகிறீர்கள் என்றால் மேலே 40, கீழே 40, நடுவில் எட்டு மி.மீ. கம்பி இரண்டு திசையிலும். சுமார் 10 செ.மீ. வந்துவிட்டது. கேண்டெலாவின் 4 செ.மீ. கோடு இங்கே 10 செ.மீ. பட்டையாகிறது. அழுத்தம் அப்போதும் அதேதான், சூத்திரத்தில் தடிமன் இல்லை என்று சொன்னேன் அல்லவா. கூடியது எடை, சென்ட்ரிங், அடித்தளத்தின் மேல் தள்ளல். குறைந்தது அந்த ஓரத்தின் அழகு. நம் கடற்காற்று ஷெல்லின் பலத்தைத் தொடுவதற்கு முன் அதன் விளிம்பைத் தொட்டுவிடுகிறது.

இதற்கு ஒரு வழி நம் நாட்டிலிருந்தே வந்தது. தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தை ஆரம்ப காலத்தில் நடத்திய ஜி.எஸ். ராமசாமி ஷெல் ஆராய்ச்சியில் உலகம் மதித்த பெயர். 1968-இல் வந்த அவருடைய ஷெல் பாடநூலைப் படித்துத்தான் என் தலைமுறை வளர்ந்தது. அவர் வளர்த்தெடுத்த முறைகளில் ஒன்று இது: ஒரு சட்டத்தில் சாக்கையோ துணியையோ விரித்து, அதன் மேல் ஈரக் கலவையைப் பரப்பித் தானாகத் தொய்யவிடுவது. இறுகியதும் திருப்பிவைத்தால் சின்னக் குவிமாடம். தொங்கும்போது எல்லா இடத்திலும் இழுவை, திருப்பினால் எல்லா இடத்திலும் அமுக்கம். அமுக்கம் மட்டும்தான் என்றால் ஓட்டுக்குள் கம்பியே வேண்டாம். கம்பி இல்லை என்றால் துரு இல்லை, கவர் இல்லை, 25 மி.மீ. ஓடு உப்புக்காற்றிலும் 25 மி.மீ.யாகவே இருக்கலாம். இந்தச் சிறு ஓடுகளைப் பீம் கட்டங்களில் அடுக்கி, மேலே நிரப்பித் தளமாக்குவார்கள். ஆரோவில்லில் அழுத்திய மண்கல்லால் கட்டும் வளைவுக் கூரைகளும் இதே நியாயத்தில் நிற்கின்றன. 2018-இல் மெக்சிகோ நகரில் கேண்டெலாவின் நினைவாக, பின்னிய துணியை வார்ப்பாக வைத்து ஒரு ஷெல் போட்டார்கள். சென்ட்ரிங் செலவுக்கும் வழி பிறக்கிறது.

உங்கள் ஸ்டூடியோவுக்கு மாடல் செய்யப்போகிறீர்கள் என்றால் தெர்மாகோலைச் சீவாதீர்கள். நான் கல்லூரி நாளில் மொட்டை மாடியில் செய்ததைச் செய்யுங்கள். நாலு ஸ்டூலைக் கவிழ்த்து, கால்களுக்கு நடுவில் கோணிச் சாக்கைக் கட்டி, சிமென்ட் பாலில் நனைத்துத் தொய்யவிட்டோம். முதல் சாக்கு மூன்றாம் நாள் திருப்பும்போதே ஓரத்தில் கிழிந்த மாதிரி வெடித்தது. ஓரத்தைக் கத்திரியால் நேராக வெட்டி அழகுபடுத்தியிருந்தேன். இரண்டாவதில் ஓரத்தை வெட்டாமல் அப்படியே மடிந்து தொங்கவிட்டோம். திருப்பியதும் சுற்றிலும் ஒரு உதடு எழுந்து நின்றது. ஒன்றரை செ.மீ.கூட இல்லாத அந்த ஓட்டின் மேல் நண்பன் ஏறி உட்கார்ந்து டீ குடித்தான். ஐஸ்லரின் பெயரே அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஒன்று மட்டும்: மே மாதத்தில் செய்யாதீர்கள், சாக்கு காயும் வேகத்தில் சிமென்ட் வெடித்துவிடும். ஆடி போகட்டும். செய்தால் ஈரக்கோணி போட்டு ஒரு வாரமாவது தண்ணீர் காட்டுங்கள்.